கல்வெட்டின் கடைசி வரி

எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் முதல் தொலைபேசி ஐயருக்குப் போகும். இரண்டாவது மண்டபத்துக்கு. மூன்றாவது எனக்கு வரும். ஆனால் எனக்கு அழைப்பு எடுத்ததை ஒருவரும் வெளியில் சொல்லமாட்டார்கள்.

நான் கல்வெட்டு எழுதுகிறவள். கல்லில் அல்ல, தாளில். யாழ்ப்பாணத்துச் சனங்களிடம் இந்த வழக்கம் உண்டு. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சாப்பாடு போடும்போது, வந்தவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், அவர் இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா. அதன் பிறகு பிறந்தது, படித்தது, மணம் செய்தது, பிள்ளை பெற்றது எல்லாம் விருத்தத்தில் வரும். கடைசியில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். அதைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். இறந்தவரின் மருமகன் ட்ராமில் நின்றுகொண்டு தொலைபேசியில், "அக்கா, என்ரை பக்கத்துக்கும் நல்லா ஏதாவது போட்டுவிடுங்கோ" என்பார். அவருடைய புலம்பலையும் நான்தான் புலம்ப வேண்டும்.

சுவிஸில், பாசலிலும் எம்மன்புரூக்கேயிலும் எத்தனையோ வீடுகளில் என் பாட்டுகள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் "ஆக்கம்" என்ற சொல்லுக்கு எதிரே ஓர் அண்ணையின் பெயர் இருக்கும். அவர் கணினியில் பக்கம் அமைப்பவர். மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து இராகத்தோடு கல்வெட்டை வாசிப்பவரும் அவர்தான். நல்ல குரல், அதை நான் மறுக்கவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"பொம்பிளை எழுதின கல்வெட்டெண்டால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும், தங்கச்சி. உமக்கேன் செத்தவீட்டுப் பேர்?" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பதிலோடு இருந்துவிட்டேன். என்னை வாயில்லாப் பூச்சி என்று நினைக்கவேண்டாம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் வாய்க்கு மேற்பார்வையாளரே பயம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகளுக்கு ஒரு சலவை அறை, நிலத்துக்குக் கீழே. யார் எந்த நாள் தோய்ப்பது என்று சுவரில் அட்டவணை தொங்கும். எனக்குச் செவ்வாய் பின்னேரம். என் நேரத்துக்குள் ஒருத்தியின் துணி மெஷினுக்குள் கிடந்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்படித்தான் அவரைச் சந்தித்தேன். கீழ்வீட்டு ஒல்லாந்துக்கார அம்மா, எண்பதைத் தாண்டியவர், தனியாள். தன் போர்வைகளை என் நேரத்தில் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு கதிரையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நான் அட்டவணையைக் காட்டினேன். "அட்டவணை எனக்குப் பிடிக்காது" என்றார். "எனக்கும்தான் பிடிக்காது, ஆனால் செவ்வாய் என்னுடையது" என்றேன். நான் போகாமல் நிற்பதைக் கண்டு போர்வையை எடுக்க எழும்பினார். அப்போது என் கூடைக்கு மேலே இருந்த தாளைக் கண்டார். பாதி எழுதிய கல்வெட்டு அது. மெஷின் சுற்றும் நேரத்தில்தான் எனக்குப் பாட்டு வரும். வீட்டில் தொலைக்காட்சி விடாது.

வரிகள் ஒரே அளவில் நிற்பதைக் கண்டதும், "இது கவிதையா?" என்று கேட்டார்.

"இது செத்தவீட்டுக்கு."

"எனக்கும் அதுதான் வேலை" என்றார். "கவிதை எழுதுறது. செத்தவீட்டுக்கில்லை."

நாங்கள் கதைத்ததெல்லாம் ஜெர்மனில். அது அவருக்கும் சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் இரண்டுபேரும் சம பலத்தோடு சண்டைபிடிக்கலாம். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கல்வெட்டு, ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய்க்கு எழுதியது. அவர் கேட்டபடியால் வரிவரியாக ஜெர்மனில் சொன்னேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி, இன்னாரின் சகலி என்று போய்க்கொண்டே இருந்தது. கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டவர் கடைசியில் சொன்னார்.

"எல்லாரும் வந்திட்டினம். அந்த மனுசி எங்கை?"

எனக்கு ஏறிவிட்டது. "எங்கட சனம் கனடாவிலை, லண்டனிலை, பாரிஸிலை, அவுஸ்திரேலியாவிலை சிதறிப்போய்க் கிடக்கு. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆர் எங்கை இருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு விளங்காது. பிறகு இன்னொண்டு. எங்களை அப்பன் பேரோட பதிஞ்சு வைச்சதும் உங்கட ஆக்கள்தான். எங்கட ஊரிலை ஒல்லாந்தர் எழுதின தோம்பு எண்டு பதிவேடு இருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலையும் இருக்கு. கோட்டையும் இருக்கு."

அவர் அதற்குச் சிரித்தார். "அப்ப அந்தத் தோம்பை நான் திருத்தித் தாறன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய் அவர் என் நேரத்துக்குத் துணி இல்லாமல் வந்திருந்தார், கதிரையில் இருக்க மட்டும்.

அப்படிச் செவ்வாய் செவ்வாயாகத்தான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது. அவர் சொன்ன ஒழுங்கில் அல்ல, நான் கோர்த்த ஒழுங்கில் சொல்கிறேன். கோர்ப்பதுதானே என் தொழில்.

அவருடைய ஊர் கடலைவிடத் தாழ்வானது. அப்பா மதகு திறந்து மூடும் காவலாளி. இருபத்திரண்டு வயதில் முதல் புத்தகம் வந்தது. பத்திரிகைகள் நல்லாய் எழுதின, ஆனால் எல்லாவற்றிலும் கூச்ச சுபாவமுள்ள இளம்பெண் என்று போட்டார்களாம். "எனக்குக் கூச்சமெண்டால் என்னெண்டே தெரியாது. படத்திலை கீழை பார்த்துக்கொண்டு நிண்டிட்டன், அவ்வளவுதான்" என்றார். பிறகு கலியாணம். கணவர் வேதியியல் படித்தவர், பாசலில் மருந்துக் கம்பனியில் வேலை கிடைத்தது. இவர் பின்னால் வந்தார். ஒரு மகன் பிறந்தான். ஒன்பது வருடம் ஒரு வரியும் எழுதவில்லை. ஒருநாள் சமையலறை மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். கணவருக்குச் சாப்பாடு பிந்தியது. பிந்தியபடியே போய் அது விவாகரத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு அதே ஊரில் இன்னொரு மருந்துக் கம்பனியில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை ஒல்லாந்து மொழிக்கு மாற்றுவது. தலைச்சுற்று வரலாம், வாந்தி வரலாம், தோல் சிவக்கலாம். "என்ரை மொழியிலை என்னைக் கனபேர் வாசிச்சது அதிலைதான். அதிலும் பேர் போடமாட்டினம்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

வேலை செய்துகொண்டே இன்னும் ஐந்து புத்தகம் எழுதினார். ஒல்லாந்தில், அவர் நாட்டைவிட்டுப் போனவர் என்று மறந்துவிட்டார்கள். சுவிஸில், தங்கள் மொழியில் எழுதாதவர் என்று கணக்கிலேயே எடுக்கவில்லை. ஜெர்மனில் எழுதச் சொல்லிப் பலர் புத்தி சொன்னார்களாம். "அந்த மொழியிலை நான் கடைக்குப் போவன், வீட்டுக்காரனோட சண்டைபிடிப்பன். பாட்டு எழுதமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு மனுசியைப் பிடித்துப்போனது.

ஒருநாள் சலவை அறைக்குப் பக்கத்தில் தன்னுடைய நிலவறைக் கூண்டைத் திறந்து காட்டினார். விற்காத புத்தகங்கள் பெட்டி பெட்டியாய்க் கூரைவரை இருந்தன.

"உங்கட அந்தச் சின்னப் புத்தகம் எத்தினை அடிக்கிறவை?" என்று கேட்டார்.

"முந்நூறு, நானூறு."

"எத்தினை மிஞ்சும்?"

"ஒண்டும் மிஞ்சாது. பத்தாமல்தான் போகும்."

ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தார். "நான் பிழையான சனத்துக்குள்ளை பிறந்திட்டன்" என்றார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து, கதவில் சாய்ந்து, எனக்காக ஜெர்மனில் சில கவிதைகளைச் சொன்னார். நான் மறைக்காமல் சொன்னேன்: "ஒரே தண்ணியும் பனியுமாக் கிடக்கு. ஒரு ஆளையும் காணேல்லை." அவருக்கு முகம் சிவந்தது. இரண்டு செவ்வாய் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் வந்து, தன் அப்பா மதகின் சக்கரத்தைச் சுற்றுவதைப் பற்றிப் புதிதாக எழுதியதை நீட்டினார். நல்ல கவிதை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பிறகு அவருக்கு இதயம் பழுதாகத் தொடங்கியது. படி ஏற முடியவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது ரசம் கொண்டுபோய்க் கொடுப்பேன். மிளகு கூடிவிட்டது என்று குறைசொல்லிக்கொண்டே குடிப்பார். அப்படி ஒரு பின்னேரம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குக் கல்வெட்டு எழுது. இப்பவே. நான் வாசிக்கோணும்."

சுவிஸ்காரரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. அடக்கத்துக்கு முன்னால் மயானத்து மண்டபத்தில் இறந்தவரின் வாழ்க்கையை எழுதி வாசிப்பார்கள். மகன் அதைத் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடுவான், அதில் தான் ஒரு கவிஞர் என்று இருக்காது, இதுதான் அவருடைய பயம். சாவுக்கு அவர் பயப்படவில்லை. மருந்துத்தாள் எழுதினவள் என்று செத்துப்போவதற்குத்தான் பயந்தார்.

நான் மாட்டேன் என்றேன். எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருக்கிறவருக்குக் கல்வெட்டு எழுதுவது பெரிய அபசகுனம். வீட்டில் என் மனுசனிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "உனக்கென்ன விசரோ? கிழவிக்கு ஏதும் நடந்தால் பழி உனக்கு" என்றார். மூன்று வாரம் மறுத்தேன். கீழ்வீட்டம்மா விடவில்லை. "எழுதினாலும் சாவன், எழுதாட்டிலும் சாவன். எழுதினால் வாசிச்சிட்டுச் சாவன்" என்றார்.

எழுதினேன். ஜெர்மனில், வசனமாக, ஒரு முழுப்பக்கம். கை போன பாட்டுக்கு எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒல்லாந்தைப் பிறப்பிடமாகவும் பாசலை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார், மதகுக் காவலாளியின் பாசமிகு மகளும், வேதியியல் நிபுணரின் அன்பு மனைவியும், வங்கி அலுவலரின் ஆருயிர்த் தாயாரும் ஆவார்.

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"முதல் வரியிலேயே என்னைச் சாகடிச்சிட்டாய், பரவாயில்லை. இந்த மனுசன் ஏன் இங்கை நிக்கிறார்?"

"புருசன் பேர் இல்லாட்டி மொட்டையாக் கிடக்குமெல்லோ."

"நாப்பது வருசமா மொட்டையாத்தான் இருக்கிறன். அவருக்கு இப்ப வேறை பெஞ்சாதி இருக்கு. அந்த மனுசி என்ன நினைக்கும்?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியை, விவாகரத்துச் செய்த புருசனின் அன்பு மனைவியாக்கிச் சாகடித்திருக்கிறேன். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். எனக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், இருமி இருமிச் சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே கீறிவிட்டுத் தந்தார்.

இரண்டாவது தடவை மூன்று செவ்வாய் எடுத்தேன். "இவர் ஒரு கவிஞர்" என்று தொடங்கினேன். ஒன்பது வருடம் எழுதாமல் இருந்ததை எழுதினேன். பிந்திய சாப்பாட்டை எழுதினேன். நிலவறைப் பெட்டிகளை எழுதினேன். அட்டவணை பிடிக்காது என்பதையும் எழுதினேன். மகன் வந்தான், அப்பா வந்தார், ஆனால் கீழ்வீட்டம்மாவுக்குப் பின்னால் வந்தார்கள். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார். கடைசி வரிக்குக் கீழே என் பெயரைத் தன் கையால் எழுதினார்.

"நீதான் வாசிக்கோணும். இதையும் சேர்த்து வாசிக்கோணும். விட்டியெண்டால் சவப்பெட்டிக்குள்ளாலை எழும்பி வருவன்."

"ஓம்" என்றேன். இவ்வளவுதான் நான் கொடுத்த வாக்கு.

இலையுதிர்காலத்தில் அவர் போய்விட்டார். மயானத்து மண்டபத்தில் இருபது பேர்கூட இல்லை. எல்லோரும் கறுப்பில் இருக்க நான் வெள்ளைச் சேலையில் மூன்றாம் வரிசையில் இருந்தேன். மகன் முதலில் வாசித்தார். நல்ல மனிதர்தான், குரல் நடுங்கியது. அம்மா பிறந்தது, அப்பாவோடு பாசலுக்கு வந்தது, கம்பனியில் நேர்மையாக வேலை செய்தது. ஓய்வு நேரத்தில் எழுதுவதிலும் ஆர்வம் கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஓய்வு நேரத்தில்! எனக்குக் காது சுட்டது. அவர் இறங்குவதற்குள் நான் எழும்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய், கைப்பையிலிருந்து தாளை எடுத்து, "இதை அவர் வாசித்துச் சரிபார்த்தவர்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன்தான். ஆனாலும் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. பிந்திய சாப்பாட்டில் யாரோ சிரித்தார்கள். பெட்டிகள் வந்த இடத்தில் மகன் தலையைக் குனிந்தார்.

கடைசி வரிக்கு வந்தேன். அதற்குக் கீழே சிவப்பில் என் பெயர் இருந்தது. தாளை மடித்துக்கொண்டு வந்து இருந்துவிட்டேன்.

யாரும் தடுக்கவில்லை. அண்ணை அங்கே இல்லை. எங்கள் சனம் ஒருவர்கூட இல்லை. வாய் தானாகவே நின்றுவிட்டது, அத்தனை வருடப் பழக்கம். வெளியில் மகன் என்னிடம் வந்து கையைப் பிடித்து, "இதை எழுதினது யார்?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அம்மாவின்ரை ஒரு சிநேகிதி" என்றேன்.

ட்ராமில் வரும்போது அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரம். அடுத்த செவ்வாய் சலவை அறையில் அந்தக் கதிரை காலியாகக் கிடந்தது. அதற்கு எதிரே நின்று, பஞ்சாங்கத்தில் திதி பார்த்து, கீழ்வீட்டம்மாவுக்கு ஒரு திதி வெண்பா எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். யாருக்குக் காட்ட? மெஷினுக்கு.

தை மாதம் எம்மன்புரூக்கேயில் ஓர் அம்மா இறந்தார். தொழிற்சாலையில் முறைமாறி முறைமாறி வேலை செய்து வீட்டை நிமிர்த்தியவர். அவருடைய இரண்டு மகள்மாரும் இங்கே பிறந்தவர்கள், என்னை நேரடியாகவே கூப்பிட்டார்கள். இந்தமுறை நான் "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்கவில்லை. "அம்மா எதுக்குக் கோவிப்பா?" என்று கேட்டேன். இரண்டுபேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். விருத்தம் அவர் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பதில் தொடங்கியது. பட்டியலை நான் விடவில்லை, கனடாவும் லண்டனும் எல்லாம் வந்தன. ஆனால் அவருக்குப் பிறகுதான் வந்தன.

"கடைசிப் பக்கத்திலை என்ரை பேர் வரோணும்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூத்தவள் விளங்காமல் பார்த்தாள். "உங்கட பேர்தானே போடுறது, அன்ரி? வேறை ஆரின்ரை பேர் போடுறது?"

அண்ணை தொலைபேசியில் வந்தார். "இவ்வளவு காலமும் இல்லாத பேர் இப்ப என்னத்துக்கு?" என்றார். "இவ்வளவு காலமும் இல்லாதபடியால்தான்" என்றேன். மகள்மார் சொன்னபடி அவர் என் பெயரைப் போட்டுத்தான் அடித்தார். எழுத்தைச் சின்னனாக்கிப் போட்டிருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன்.

முப்பத்தோராம் நாள் திரிம்பாக் என்ற ஊரில் ஒரு மண்டபம். நானூறு பேருக்குக் கிட்ட. அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து வாசித்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவர் நன்றாகவே வாசித்தார். இயந்திரம் வந்த இடத்தில் பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. கடைசி விருத்தம் முடிந்தது. எல்லோருடைய கையிலும் இருந்த புத்தகத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அண்ணை அதைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, "சாந்தி, சாந்தி, சாந்தி" என்றார். கதிரைகள் அசையத் தொடங்கின. சாப்பாட்டு மணம் வந்துகொண்டிருந்தது.

நான் எழும்பினேன். என் மனுசன் ஆண்கள் பக்கத்திலிருந்து இரு இரு என்று கையைக் காட்டினார். இருக்கவில்லை.

"ஒரு வரி விட்டுப்போச்சு அண்ணை" என்றேன். "கல்வெட்டு இன்னும் முடியேல்லை."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஒலிவாங்கி என் கையில் இல்லை. அண்ணை அதைத் தரவும் இல்லை. இருந்த இடத்திலேயே நின்று, "ஆக்கம்" என்று தொடங்கி, என் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் பாசலையும் சொன்னேன். பாதி காற்றாகத்தான் வந்தது.

"ஆரெண்டு கேக்கேல்லை" என்றார் கடைசி வரிசையில் ஒரு வயதானவர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

இன்னொருக்கால் சொன்னேன். உரத்து.